2 எம்பி லீஸ்டு லைனில் (தனி வாடகை இணைப்பு) எத்தனை போன் கால் போகும்?

கெடிலக்கரை:
கடலூர் சிப்காட் ஆபீசுக்கும் புதுச்சேரி மேட்டுப்பாளையம் கிளைக்கும் நடுவில் 2 எம்பி (நொடிக்கு 2 மெகாபிட்) லைன் போட்டால் ஒரே நேரத்தில் 32 பேர் பேசலாமாம், ஒரு காலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் போதுமாம். நேற்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 64 என்பது ஜி.711-இல் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) குரலுக்கு மட்டும். குரல் துண்டு துண்டாகப் போகும்: நொடிக்கு 50 பாக்கெட், ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், முகவரி மாதிரி விவரம் தாங்கும் ஹெடர் 40 பைட். 200 பைட்டை 50-ஆலும், பைட்டுக்கு 8 பிட் என்று 8-ஆலும் பெருக்கினால் 80 கிலோபிட். அப்போது 25 கால்தான்.

தட்டாஞ்சாவடி:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டுங்கள். இ1 என்கிற பழைய டெலிபோன் லைனும் 2 எம்பிதான். அதில் 64 கணக்கில் 30 பேர் காலங்காலமாகப் பேசவில்லையா?

கெடிலக்கரை:
இ1-இல் காலுக்கென்றே ஒதுக்கிய ஒரு டைம்ஸ்லாட், பாக்கெட்டும் இல்லை, ஹெடரும் இல்லை. இது ஐபி, இன்டர்நெட் மாதிரி பாக்கெட்டாகப் போவது. காலுக்கு 80.

முத்தியால்பேட்டை:
குரலை இன்னும் சுருக்குகிற ஜி.729 போடுங்கள். காலுக்கு ஹெடரோடு 24 கிலோபிட்தான். 2017-லிருந்து ராயல்டியும் கிடையாது.

மஞ்சக்குப்பம்:
அதில் ஃபேக்ஸ் போகாது, தெரியுமா? குரலும் டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

முத்தியால்பேட்டை:
இந்தக் காலத்தில் ஃபேக்ஸ் யார் அனுப்புகிறார்கள்?

மஞ்சக்குப்பம்:
நாங்கள் அனுப்புகிறோம். புதுச்சேரிக்காரர்களுக்கு எல்லாமே பழசுதான்.

தட்டாஞ்சாவடி:
ஒருவர் பேசினால் மற்றவர் கேட்பார். பேசாத நேரத்தில் பாக்கெட் அனுப்பாமல் விட்டால் 64-க்கும் கீழே வரும்.

கெடிலக்கரை:
அது சராசரி. காலை பத்து மணிக்கு எல்லாரும் ஒன்றாகப் பேசும்போது சராசரி கைகொடுக்காது. கால் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காமல் விட்டால் 26-ஆவது கால் ஏறியதும் அவருக்கு மட்டுமில்லை, லைனில் இருக்கிற அத்தனை பேருக்கும் குரல் உடையும். ஐபிசெக் விபிஎன் (பாக்கெட்டைப் பூட்டி அனுப்பும் வசதி) சேர்த்தால் காலுக்கு 100-ஐத் தாண்டும். மெயிலும் பில்லிங்கும் அதே லைனில் போவதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. குரலுக்கு முன்னுரிமை கொடுத்தாலும் 80 என்பது 80தான்.

தட்டாஞ்சாவடி:
ரௌட்டர் விஷயத்திலும் இப்படித்தான் என்னை மட்டம் தட்டினீர்கள். மறக்கவில்லை.

மஞ்சக்குப்பம்:
2011 டிசம்பர் 30, தானே புயல். கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தது. இன்னொரு வழியில் ரெண்டாவது லைன் இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா?

கெடிலக்கரை:
புயலுக்குத் தனி இழை தொடங்குங்கள். தட்டாஞ்சாவடி, ரௌட்டர் கதை வேண்டாம். அந்த 40 பைட் ஹெடர் எங்கே போனது? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

தட்டாஞ்சாவடி:
ஹெடரைச் சுருக்கிக்கொள்ளலாம். 64தான்.

கெடிலக்கரை:
சுருக்கினாலும் 64-க்கு மேலேதான் நிற்கும். அதுவும் லைனின் ரெண்டு முனை ரௌட்டரிலும் அந்த வசதி இருந்தால்தான். எந்த மாடல் வைத்திருக்கிறீர்கள்?

தட்டாஞ்சாவடி:
உங்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?