துணி கட்டிய சரம்: எங்கள் தெருக் கொன்றையோடு மூன்று வருடங்கள்

மதுரையில் எங்கள் தெரு முனையில், குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு சரக்கொன்றை நிற்கிறது. இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் மே மாதத்தில் மட்டும்தான் அந்த மரம் என் கண்ணில் பட்டது. மஞ்சள் சரம் தொங்கும், போனில் ஒரு படம் எடுப்பேன், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு மார்ச் மாதம், எதிர்வீட்டுப் பெரியவர் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டுப்போச்சும்மா. வெட்டிட்டு வேற ஏதாச்சும் வைக்கலாம்" என்றார். பாதிக்கு மேல் இலை இல்லை, இருந்ததும் பழுத்துத் தொங்கியது. நடுவே முழ நீளத்தில் கறுப்புக் காய்கள். பட்ட மரம் என்று நினைப்பதில் தப்பே இல்லை. ஒரு சிறு கிளையின் தோலை நகத்தால் கீறிக் காட்டினேன். உள்ளே பச்சை. "சரி, ஒரு மாசம் பாப்போம்" என்றார். அந்த ஒரு மாதத்துக்காகத்தான் மரத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

சீசன்வாட்ச் என்று ஒரு மக்கள் அறிவியல் திட்டம் இருக்கிறது. ஒரே மரத்தை வாரம் ஒருமுறை பார்த்து, தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய' என்று குறிக்க வேண்டும். நானும் ஒரு நோட்டில் அப்படியே எழுத ஆரம்பித்தேன். ஞாயிறு காலை பால் வாங்கப் போகும்போது ஐந்து நிமிடம்.

முதல் வாரங்களிலேயே ஒன்று தெரிந்தது. இலையுதிர்வு ஒரே நாளில் நடப்பதில்லை. ரோட்டுப் பக்கக் கிளைகள் மொட்டையாகி இரண்டு வாரம் கழித்தும் குழாயடிப் பக்கம் இலை நின்றது. அங்கே சிந்தும் தண்ணீர் வேருக்குக் கிடைப்பதால் இருக்கலாம். இலை வழியாகத்தான் மரம் நீரை அதிகம் இழக்கிறது, வறண்ட மாதங்களில் அதை உதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஏப்ரல் கடைசியில் மொட்டுச் சரங்களும் பளபளவென்று தளிரும் சேர்ந்தே வந்தன. பெரியவரைக் கூட்டிப் போய்க் காட்டினேன்.

ஆனால் ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. பூவுக்குப் பக்கத்திலேயே முற்றிய கறுப்புக் காய் எப்படி? இந்தப் பூவின் காயாக அது இருக்க முடியாது. அதனால் தாழ்வாகத் தொங்கிய ஒரு சரத்தின் காம்பில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டினேன். அதில் நாற்பதுக்குமேல் பூக்கள் இருந்தன. பெரிய கருவண்டு ஒன்று தினமும் வரும். பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமலே 'ர்ர்ர்' என்று அதிரும். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் கூலி. அந்த அதிர்வில்தான் அது உதிர்கிறது. மகரந்தம் தாங்கும் இழைகளான கேசரங்களில், நீண்டு வளைந்த மூன்றின் மகரந்தம் வண்டின் உடம்பில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. இதைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள், அந்தச் சத்தம் மறக்காது.

இவ்வளவு நடந்தும் அந்தச் சரத்தில் நின்றது ஒரே ஒரு பிஞ்சு. ஜூலையில் பென்சில் தடிமன். செப்டம்பரில் முழு நீளம், நல்ல பச்சை. தெருவில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, "அக்கா, உங்க துணிக் காய் பழுப்பாயிடுச்சு" என்று ஓடி வந்து சொன்னது பொங்கலுக்கு அடுத்த வாரம். மார்ச்சில் கறுத்தது. மே மாதம் அதே கிளையில் புதுச் சரம் பூத்தபோதும் அந்தக் காய் அங்கேயே தொங்கியது. ஏறக்குறைய ஒரு வருடம்! போன வருடத்துப் பூவும் இந்த வருடத்துப் பூவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன, நான் அதைத்தான் ஆறு வருடம் படம் எடுத்திருக்கிறேன்.

ஜூலையில், கம்பியில் உரசுகிறது என்று ஆட்கள் வந்து அந்தக் கிளையை வெட்டிவிட்டார்கள். நான் வேலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது துணியோடு காய் மண்ணில் கிடந்தது. மனசு கனத்துப் போனது. காயை வீட்டுக்கு எடுத்து வந்து உடைத்தேன். சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு வித்து, சுற்றிலும் பிசுபிசுப்பான கறுப்புச் சதை. சித்த மருத்துவத்தில் மலமிளக்கியாகச் சொல்லப்படும் சரக்கொன்றைப் புளி இதுதான்.

மழை தொடங்கினால் இலைகளில் பச்சைப் புழுக்கள் வருகின்றன. முதல் வருடம் மருந்தடிக்கச் சொன்னார்கள், நான் வேண்டாம் என்று கெஞ்சினேன். கொன்றை இலை தின்று வளரும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் அவை. கூட்டுப்புழு, மடித்த இலை போலவே இருக்கும். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, சீக்கிரமே மறுபடி துளிர்த்தது.

இரண்டாம் வருடம் அக்டோபரில் நான்கைந்து சரங்கள் பூத்தன. நோட்டில் பூ 'கொஞ்சம்' என்று எழுதும்போது ஒரு சங்கப் பாட்டு நினைவுக்கு வந்தது. காலமல்லாத காலத்து மழையைக் கார் என்று நம்பிக் கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது, அதைப் பார்த்து நீ கலங்காதே என்று தோழி தலைவியைத் தேற்றுவாள். கொன்றையைக் கார்காலத்து மரமாகப் பாடியிருக்கிறார்கள். எங்கள் மரமோ சித்திரை வைகாசியில் கொட்டுகிறது. அந்த அக்டோபர்ச் சரங்களைப் பார்த்த பிறகு, அந்தப் பாட்டு எனக்கு வெறும் கற்பனையாகத் தெரியவில்லை.

இந்த வருடம் முதல் மொட்டை நான் பார்க்கவில்லை. ஏப்ரல் 9 அன்று காலை பெரியவர்தான் கதவைத் தட்டினார். "குழாயடிப் பக்கம், மேல, ரெண்டாவது கிளை" என்றார். என் நோட்டில் அது போன வருடத்தைவிடப் பன்னிரண்டு நாள் முந்தி.

உங்கள் ஊரில் கொன்றை எந்த வாரம் மொட்டு விட்டது? அப்போது மரத்தில் போன வருடத்துக் காய் இருந்ததா?