புதுப்பிப்பு: பழைய சிபாப் கருவியின் காற்றுக் கசிவு, இடம் பிடிபட்டது

முகமூடிக்குப் புதுத் திண்டு மாட்டியும் என் பழைய சிபாப் கருவியில் (தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமலிருக்க முகமூடி வழியே அழுத்தத்தோடு காற்று தரும் கருவி) கசிவு குறையவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். பட்டையை இறுக்கச் சொன்னீர்கள். இறுக்கியதில் மூக்குத் தண்டில் தழும்புதான் மிஞ்சியது. திண்டு சற்று உப்பி நின்றால்தான் முகத்தோடு பொருந்தும்.

முகமூடியைக் கழற்றிவிட்டுக் கருவியை ஓடவிட்டேன். குழாயின் முனையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, ஈரவிரலை இணைப்புகள் மேல் மெதுவாக நகர்த்தினேன். குழாயில் குறையில்லை. காற்றுக்கு ஈரம் சேர்க்கும் தண்ணீர்த் தொட்டியின் மூடி விளிம்பில் சில்லென்று காற்று பட்டது. அங்கிருந்த சிலிக்கோன் வளையம் தட்டையாகி, ஒரு மூலையில் மயிரிழை போல வெடித்திருந்தது. காற்றழுத்தம் 6 செ.மீ. நீர் (இந்தக் கருவிகளின் அழுத்த அலகு) இருக்கையில் அடங்கிக் கிடந்தது 11ஐத் தாண்டியதும் சீறியதில் வியப்பில்லை.

தொட்டியையே மாற்றிவிட்டேன். கசிவு அளவு இறங்கிவிட்டது. விடியற்காலையில் மட்டும் சிறிது ஏறுகிறது. வாய் திறந்துகொள்கிறது என்று நினைக்கிறேன், அது தனிக்கதை.

முகமூடியின் முன்துளைகளில் டேப் ஒட்டச் சொன்ன நண்பருக்கு: தயவுசெய்து வேண்டாம். நாம் வெளிவிடும் கரியமில வாயு அந்தத் துளைகள் வழியாகத்தான் போகிறது.