மூன்றாம் இடத்தில் இருக்கும் இந்தியா மற்றவர்களிடம் கணக்குக் கேட்கலாமா?

தக்கலை வாசகன்:
கரியமில வாயு வெளியிடும் நாடுகளில் சீனா முதலிடம். உலக மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதனுடையது. அடுத்தது அமெரிக்கா, மூன்றாவது நாம். நம் மின்சாரத்தில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக நிலக்கரியிலிருந்து வருகிறது. இந்த நிலையில் ஐ.நா. பருவநிலை மாநாடுகளில் பணக்கார நாடுகளையே குற்றம் சாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வள்ளவிளைக்காரி:
அண்ணே, 140 கோடிப் பேர் வாழும் நாட்டையும் 34 கோடிப் பேர் வாழும் நாட்டையும் அப்படியே பக்கத்தில் நிறுத்தினால் எப்படி? தலைக்கு ஆண்டுக்கு அமெரிக்கர் சுமார் 14 டன், சீனர் 8 டன், நாம் 2 டன். உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. அதுவும் ஓராண்டுக் கணக்குதான். பூமியைச் சூடாக்கிக் கடல்மட்டத்தை உயர்த்தும் இந்த வாயு நூற்றாண்டுகள் காற்றில் தங்கும். 1750 முதல் எரித்ததையெல்லாம் கூட்டினால் அமெரிக்காவின் பங்கு நான்கில் ஒன்று, நம்முடையது 3 சதவீதம் அளவே. எங்கள் ஊரில் கடலுக்கும் வாசலுக்கும் நடுவில் கொட்டிய கருங்கற்கள்தான் இருக்கின்றன. கள்ளக்கடல் (காற்றோ மழையோ இல்லாமல் திடீரென எழும் பேரலை) ஏறினால் தண்ணீர் அடுப்படிவரை வருகிறது. கடல்மட்டம் உயர உயர அது இன்னும் உள்ளே வரும்.

தக்கலை வாசகன்:
கடலரிப்பு முழுவதையும் புகையின் தலையில் கட்டாதே தங்கச்சி. துறைமுகச் சுவரும் கடலுக்குள் கல்லால் நீட்டிய தூண்டில் வளைவும் மணல் ஓட்டத்தை மறித்ததும் காரணம்.

குளச்சல்காரன், குவைத்:
தலைக்கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. நான் இங்கே ஏசி மெக்கானிக். கோடையில் வெயில் 50 டிகிரியைத் தொடும். எந்தக் கட்டடத்திலும் ஏசி நிற்பதில்லை. தலைக்கு 20 டன்னுக்கு மேல் என்கிறார்கள். அந்தத் தலைகளில் லேபர் கேம்பில் அடுக்குக் கட்டிலில் படுத்திருக்கும் நாங்களும் அடக்கம். இங்கிருந்து கப்பலேறும் எண்ணெயோ, அதை எரிக்கும் நாட்டின் கணக்கில் சேருகிறது. சீனா யாருக்காகவோ செய்யும் பொருளின் புகை சீனாவின் தலையில் விழுகிறது.

தக்கலை வாசகன்:
அதையேதான் நானும் சொல்கிறேன் தம்பி. நம் 2 டன்னும் சராசரிதானே? வீட்டுக்கு மூன்று கார், அறைக்கு ஓர் ஏசி வைத்திருக்கும் நகரத்துப் பணக்காரர் வள்ளவிளை மீனவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்க, அதாவது வெளியிடும் அளவுக்கு உறிஞ்சியும் எடுக்க, நாம் குறித்திருக்கும் ஆண்டு 2070. சீனாவுக்குக்கூட 2060.

வள்ளவிளைக்காரி:
உள்ளூர்ப் பணக்காரரை நானும் விடச் சொல்லவில்லை. அவர்மீது வரி போடட்டும். அதற்காக வெளியிலிருந்து வரவேண்டிய பாக்கியை ஏன் தள்ளுபடி செய்ய வேண்டும்? பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று வளர்ந்த நாடுகள் 2009-இல் கோபன்ஹேகனில் வாக்குக் கொடுத்தன. அந்தத் தொகையை எட்டியது 2022-இல்தான். அதிலும் பெரும்பகுதி கடன். காற்றைக் கெடுத்தவர் கொடுக்கும் கடனுக்கு நாம் வட்டி கட்ட வேண்டும் என்றால், அதை நியாயம் என்று நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா அண்ணே?

தக்கலை வாசகன்:
இல்லை. அந்தப் பணம் மானியமாகத்தான் வர வேண்டும். ஆனால் 2070 என்பதை நான் ஏற்க மாட்டேன்.