சாலிட்வொர்க்ஸில் பேரல் கேம்: ஏற்றத்தில் மட்டும் ரோலர் இடிக்கிறது

வரைபலகை:
பேக்கிங் மெஷினில் பொருளைத் தள்ளும் ஒரு புஷருக்காக சாலிட்வொர்க்ஸ் 3டி மென்பொருளில் பேரல் கேம் வரைகிறேன், அதாவது சுற்றும்போது தன் பள்ளத்தில் ஓடும் ரோலரை அச்சுவாக்கில் நகர்த்தும் உருளை. வெளி விட்டம் 80 மி.மீ., பள்ளத்தின் ஆழம் 10, ரோலரின் விட்டம் 16. கேம் 120 டிகிரி சுற்றுவதற்குள் புஷர் 40 மி.மீ. நகர வேண்டும், சைக்ளாய்டல் (அதிராமல் மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கும் நகர்வு). சுற்றளவை 251.33 என்று நீட்டி ஸ்கெட்ச் போட்டு, ராப் கட்டளையில் (ஸ்கெட்சை உருளைமேல் சுற்றுவது) டீபாஸ் (உள்ளே குடைவது) கொடுத்தேன், பார்க்க அழகாகத்தான் வந்தது. ஆனால் அசெம்பிளியில் ரோலரை வைத்து இன்டர்ஃபியரன்ஸ் (பாகங்கள் இடிக்கிறதா என்று) பார்த்தால் டுவெலில் (புஷர் நகராமல் நிற்கும் பகுதி) ஒன்றுமில்லை, ஏற்றத்தில் மட்டும் பள்ளத்தின் அடியில் இரண்டு சுவரிலும் சிவப்பு. 0.2 அகலப்படுத்தியும் போகவில்லை. ரோலரைக் கேமோடு இணைக்கும் கேம் மேட்டும் ஏற்க மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பட்டறைவாசி:
ராப் அப்படித்தான் செய்யும். சுவர்களை அச்சை நோக்கி வெட்டுவதால் உள்ளே போகப் போக பள்ளம் குறுகும். டுவெலில் பள்ளம் சுற்றுவாக்கில் ஓடுவதால் அகலம் மாறாது, அதனால்தான் அங்கே தப்பித்தீர்கள். உங்கள் அளவுக்கு ஏற்றத்தின் நடுவில் மேலே 16 என்றால் அடியில் சுமார் 13.7தான் இருக்கும், 0.2 எந்த மூலைக்கு? ரோலரின் மையப் பாதையை மட்டும் ஒரே கோடாக ஸ்க்ரைப் (ராப்பில் கோடு மட்டும் பதிப்பது) பண்ணி, 16 மி.மீ. உருளையைத் தனி பாடியாக வைத்து ஸ்வெப்ட் கட்டில் சாலிட் ஸ்வீப் (அந்த உருளையையே பாதையில் ஓட்டி வெட்டுவது) கொடுங்கள். மில்லிங் மெஷினில் கேமைச் சுற்றும் நான்காவது அச்சில் 16 மி.மீ. எண்ட் மில் (வெட்டும் கருவி) வெட்டுவதும் இதேதான். கேம் மேட் தட்டு கேமுக்கு, இங்கே ரோலரைப் பாதையில் ஓடவைக்கும் பாத் மேட் போடுங்கள்.

சுழல்சாவி:
சாலிட் ஸ்வீப்பில் அந்த உருளை எங்காவது சாய்ந்தால் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நான் எக்செலில் டிகிரிக்கு ஒரு புள்ளி கணக்கிட்டு, அதே கோணம் அதே உயரத்தில் 30 ஆரத்தில் ஒரு வளைவும் 42 ஆரத்தில் ஒரு வளைவும் எடுத்து, இடையில் ரூல்ட் சர்ஃபேஸ் (இரண்டையும் நேர்கோடுகளால் இணைக்கும் பரப்பு) போட்டு, தைரியமாக இருபுறமும் 8 மி.மீ. தடிமனில் திக்கன்ட் கட் (பரப்பைத் தடிமனாக்கி வெட்டுவது) கொடுப்பேன். ரோலரின் அச்சு நகரும் பரப்பிலிருந்து 8 தள்ளினால் கிடைப்பதுதான் சரியான சுவர், தோராயம் இல்லை. புள்ளிகளில் கஞ்சத்தனம் வேண்டாம், 10 டிகிரிக்கு ஒன்று வைத்தால் டுவெலிலேயே ஸ்ப்லைன் (புள்ளிகளை இணைக்கும் வளைவு) நெளியும்.

பட்டறைவாசி:
சரி, அதுவும் நல்ல வழிதான். ஆனால் மாடலை விடுங்கள், பிரஷர் ஆங்கிள் (சுவர் ரோலரைத் தள்ளும் திசைக்கும் புஷர் நகரும் திசைக்கும் இடையிலான கோணம்) பார்த்தீர்களா? 40 ஆரத்தில் 43.7 டிகிரி வருகிறது, அடியில் 52 கிட்ட. நேராக நகரும் ஃபாலோயருக்கு (கேம் நகர்த்தும் பாகம், இங்கே புஷர்) 30க்குள் வைப்பதுதான் வழக்கம். இப்படியே வெட்டினால் புஷர் கைடில் பிடித்துக்கொள்ளும். ஏற்றத்துக்கு 200 டிகிரி கொடுங்கள், இல்லையென்றால் விட்டத்தை 135 ஆக்குங்கள்.

வரைபலகை:
டுவெலைக் குறைக்க முடியாது, அதனால் 135தான். ஃபிரேமில் இடம் இருக்கிறது. சர்ஃபேஸ் வழியில் முயல்கிறேன்.

சுழல்சாவி:
புஷர் நேராக ஓடுகிறதா, ஆடும் கையா? கை என்றால் ரோலரின் அச்சு கேமின் மையத்தை விட்டு விலகும், நான் சொன்ன இரண்டு வளைவும் செல்லாது.

வரைபலகை:
லீனியர் கைடுதான்.