பிரிட்டிஷ் குறிப்புக்கு அமெரிக்க அளவு கப் சரிப்பட்டு வருமா?

கேள்வி:
பழைய பிரிட்டிஷ் கஸ்டர்ட் குறிப்பு ஒன்று: 1 பைண்ட் பால், 4 மஞ்சள் கரு, 2 அவுன்ஸ் சர்க்கரை. கையில் இருப்பது அமெரிக்க அளவு கப் செட். 2 கப் ஒரு பைண்ட் என்று ஊற்றினால் கஸ்டர்ட் ரொம்பக் கெட்டியாக, தித்திப்பும் தூக்கலாக வருகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
பாலில்தான். அமெரிக்கப் பைண்ட் 473 மி.லி., பிரிட்டிஷ் பைண்ட் 568. கிட்டத்தட்ட 95 மி.லி. பால் குறைகிறது, கரு மட்டும் அதே நாலு. கெட்டியாகாமல் என்ன செய்யும்? 570 மி.லி. அளந்து ஊற்றுங்கள்.

அமெரிக்கா 1707-இல் வந்த பழைய ஒயின் காலனையே (ஒரு காலன் 8 பைண்ட்) வைத்துக்கொண்டது. பிரிட்டன் 1824-இல் 10 பவுண்டு தண்ணீர் கொள்ளும் புதுக் காலனுக்கு மாறிவிட்டது. அங்கே பைண்டுக்கு 20 திரவ அவுன்ஸ், அமெரிக்காவில் 16. தனி அவுன்ஸ் பார்த்தால் 28.4, 29.6 மி.லி.தான், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். பைண்ட், காலன் என்று வந்தால்தான் உஷார்.

பதில் 2:
சர்க்கரையின் 2 அவுன்ஸ் எடை, அதாவது 57 கிராம். எடை அவுன்ஸ் இரண்டு நாட்டிலும் ஒன்றே. அதைத் திரவ அவுன்ஸாக நினைத்துக் கால் கப் போட்டால் சர்க்கரை 50 கிராம் வரும், தப்பித்துவிடலாம். மைதாவில் அதைச் செய்தால் 30 கிராம்தான், பாதி!

கேட்டவர்:
புரிந்தது. அமெரிக்கக் கேக் குறிப்பைக் கிராமுக்கு மாற்றும்போது?

பதில் 2:
மைதாதான் தலைவலி. கரண்டியால் கப்பில் போட்டு, மேலே கத்தியால் வழித்தால் 120–125 கிராம். கப்பையே மாவில் முக்கி எடுத்தால் 140–150. மூன்று கப் கேட்கும் கேக்கில் அரைக் கப்புக்கு மேல் கூடிப்போய், கேக் வறண்டு உதிரும். தராசு வாங்கிவிடுங்கள், இந்தச் சண்டையே இல்லை. சர்க்கரை கப் 200 கிராம். வெண்ணெய் 1 ஸ்டிக் (அங்கே விற்கும் ஒரு கட்டி) 113 கிராம்.

பதில் 3:
இன்னொன்று: அமெரிக்க செல்ஃப் ரைசிங் மாவில் (பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்த மைதா) உப்பு கலந்தே வரும், பிரிட்டிஷ் மாவில் பொதுவாக இருக்காது. பிரிட்டிஷ் மாவு போட்டால் உப்பைத் தனியாகச் சேருங்கள். ஓவன் சூடு 350 ஃபாரன்ஹீட் என்றால் 180 செல்சியஸ், பிரிட்டிஷ் கேஸ் ஓவன் குமிழில் கேஸ் மார்க் 4. விசிறி உள்ள ஓவனில் 160 செல்சியஸ் போதும்.