தண்ணீரிலிருந்து எடுத்து வரும் டம்மியைக் கரையிலேயே போட்டுவிடும் லாப்ரடார்: எப்படிச் சரிசெய்வது?

கேள்வி (சஃபோக் வாசி):
வணக்கம். கருப்பு லாப்ரடார், பெட்டை, வயது 15 மாதம். தரையில் குறையே இல்லை. ஒரு பவுண்டு கான்வாஸ் டம்மியை (சுட்ட பறவைக்குப் பதிலாகப் பயிற்சிக்கு எறியும் பொதி) 70 கஜம் போய் எடுத்து வந்து கையில் கொடுக்கிறாள். தண்ணீரில்தான் சிக்கல். தயங்காமல் இறங்குகிறாள், நேராக நீந்தி வருகிறாள். முன்னங்கால் கரையில் பட்டதும் டம்மியைப் போட்டுவிட்டு உடம்பை உதறுகிறாள். பிறகு சில நேரம் எடுத்து வருகிறாள், சில நேரம் புல்லை மோந்துகொண்டே போய்விடுகிறாள். "ஹோல்டு" என்று அதட்டினால் பலனில்லை. பிஸ்கட் காட்டினால் இன்னும் சீக்கிரமாகப் போடுகிறாள். செப்டம்பர் 1-ல் இங்கே இங்கிலாந்தில் வாத்து வேட்டை சீசன் தொடங்குவதற்குள் சரியாகுமா?

பதில் (வேலிக்காடு):
முதலில் பிஸ்கட்டை நிறுத்துங்க. தின்பண்டம் கையில் இருந்தால் நாய் வாயைக் காலி செய்யத்தான் பார்க்கும். கொடுத்த பிறகு தடவிக்கொடுத்தால் போதும்.

இதை அலட்சியம் செய்யக் கூடாது. டம்மி கீழே விழுந்தால் அங்கேயே கிடக்கும். சிறகில் மட்டும் அடிபட்ட வாத்தை உதறுவதற்காகக் கீழே வைத்தால் அது திரும்பத் தண்ணீருக்குள் போய் முங்கிவிடும். காயத்தோடு ஒரு பறவையைத் தவிக்க விடுவதாகிவிடும்.

இரண்டு வாரம் குளத்துப் பக்கமே போகாதீங்க. தரையில் உட்கார வைத்து, டம்மியை வாயில் கொடுத்து, தாடைக்கு அடியில் இரண்டு விரலை லேசாக வைத்து "ஹோல்டு" சொல்லுங்க. ஐந்து விநாடி, பத்து விநாடி, பிறகு டம்மியோடு பக்கத்தில் நடை. அது உறுதியானதும் ஒரு குவளைத் தண்ணீரை முதுகில் ஊற்றிவிட்டு அதையே செய்யுங்க. நனைந்த உடம்போடு பிடித்திருக்க வேண்டும் என்பதைத்தான் அவள் இன்னும் கற்கவில்லை. டம்மியை வாங்கிய பிறகு "ஷேக்" என்று சொல்லி உதற விடுங்க. உதறுவது தப்பில்லை, முறை மாறினால்தான் தப்பு.

சஃபோக் வாசி:
நன்றி. அதன் பிறகு குளத்தில் எங்கே நிற்பது? இப்போது கரையிலிருந்து நாலைந்து அடி தள்ளி நிற்கிறேன்.

பதில் (வேலிக்காடு):
கரையில் இல்லை, தண்ணீருக்குள். கம்பூட்ஸ் போட்டு, அவள் கால் இன்னும் தரையில் படாத ஆழத்தில் நின்று, நீந்தி வரும்போதே வாங்கிக்கோங்க. கை தாழ்வாக, உள்ளங்கை மேல் பார்த்து இருக்கட்டும். மேலிருந்து பிடுங்கினால் இறுக்கிக் கடிக்கப் பழகும். வேட்டை நாய்களுக்கான களப் போட்டியில் அந்தக் கடிவாய் ஒன்றே நாயை வெளியேற்றிவிடும். நாலு முறை தொடர்ந்து சுத்தமாக வந்தால் ஓரடி பின்னால் வாங்க. ஒருமுறை கீழே போட்டால் மறுபடி முன்னே போங்க.

பதில் (நாணல்):
இன்னொரு வழியும் உண்டு. அவள் கரையேறும் கணத்தில் முதுகைக் காட்டி ஓடினால், துரத்தும் அவசரத்தில் உதற மறப்பாள். துள்ளலான நாய்க்கு இது வேலை செய்யும். ஆனால் ஹோல்டு சரியாக ஏறாத நாய் டம்மியை விட்டுவிட்டு வெறும் வாயோடு ஓடிவரும். அதனால் வேலிக்காடு சொன்னதை முடித்துவிட்டு இதற்கு வாங்க.

கரையையும் டம்மியையும் பாருங்க. செங்குத்தான கரையில் ஏறத் தவிக்கும்போது பிடி நழுவும். சரிவான, மண் கெட்டியான இடமாகத் தேர்ந்தெடுங்க. பழைய கான்வாஸ் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும். கயிற்று நுனியில் இருக்கும் கட்டையைக் கழற்றிவிட்டால் நடுவில் கவ்வுவாள். கயிற்றைப் பிடித்து இழுத்து வரும் டம்மி எப்படியும் விழும்.

பதில் (ஈரவால்):
ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை எறிந்தால் போதும். குளிர்ந்த தண்ணீரில் அதிக நேரம் நீந்தினால் வால் தொய்ந்து வலியெடுக்கும். சரியாகச் சில நாள் ஓய்வு வேண்டும். கோடையில் தண்ணீர்மேல் பச்சைப் பாசி ஏடுபோலப் படிந்திருந்தால் இறக்கவே கூடாது, நீலப்பச்சைப் பாசி நாயைக் கொன்றுவிடும். மார்ச் முதல் ஜூலை வரை நாணலில் பறவைகள் அடைகாக்கும், அந்த ஓரத்தைத் தவிருங்க.

சஃபோக் வாசி:
டம்மியிலிருந்து நிஜ வாத்துக்கு எப்போது?

பதில் (நாணல்):
டம்மியைக் கரையில் ஆறடி தூக்கி வந்து கொடுக்கும் நிலை வந்த பிறகு. காயம் அதிகமில்லாத, ஆறிப்போன முழு வாத்து ஒன்றை எடுத்து, சிறகு விரியாதபடி ரப்பர் பேண்ட் போட்டு, முதலில் தரையில் மட்டும். பறவையை வைத்து முகர்ந்து விளையாட விடாமல் உடனே எடுக்கச் சொல்லுங்க. அங்கே தடுமாறினால் தண்ணீரில் போடவே வேண்டாம், மறுபடி டம்மிக்கே போங்க.