ஜப்பானிய கத்தகானால சிக்கியிருக்கேன், கான்ஜி இப்பவே தொடலாமா?

கேள்வி:
ஜப்பானிய மொழி நானா படிக்க ஆரம்பிச்சிருக்கேன். ஹிரகானாங்கற அடிப்படை ஒலியெழுத்து 46-ம் இப்ப மெதுவாவாவது படிக்க வருது, அந்த சந்தோஷமே தனி. ஆனா வெளிநாட்டு வார்த்தைங்களுக்கு பயன்படுத்தற கத்தகானாங்கற இன்னொரு ஒலியெழுத்துல ஷி எது த்சு எது, சோ எது ன் எதுன்னு ஒவ்வொரு தடவையும் நின்னு யோசிக்க வேண்டியிருக்கு. சீனத்துலேர்ந்து வந்த கான்ஜி எழுத்து வேற, தினப்படி தேவைக்குன்னு அரசாங்கம் போட்ட பட்டியல்லயே 2136 இருக்கு. கத்தகானா முழுசா பிடிபட்டாதான் கான்ஜி தொடணுமா? டிசம்பர்ல என்5, அதாவது ஜப்பானிய மொழித் தேர்வோட முதல் படி, எழுதவும் ஆசை.

பதில் 1:
கண்ணால மட்டும் பார்த்தா குழப்பம் தீராதுங்க, கையால எழுதுங்க. ஷி-ல குட்டிக் கோடு ரெண்டும் படுத்தாப்புல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு, பெரிய கோடு கீழேர்ந்து மேல போகும். த்சு-ல குட்டிக் கோடுங்க நின்னாப்புல பக்கத்து பக்கத்துல, பெரிய கோடு மேலேர்ந்து கீழ வரும். ன் ஷி மாதிரி, சோ த்சு மாதிரி, அவ்ளோதான். கான்ஜிக்கு காத்திருக்காதீங்க, ஆனா தனி எழுத்தா மனப்பாடம் பண்ணாம வார்த்தையோட படிங்க. மலைக்கான எழுத்து தனியா நின்னா யாமா, அதே எழுத்து ஃபுஜிசான்ல சான். பட்டியலா உருப்போட்டா இது மனசுல நிக்கவே நிக்காது.

பதில் 2:
நான் அழுத்திச் சொல்றது ஒண்ணுதான், இங்கிலீஷ் வழியா யோசிக்காதீங்க. "வாதாஷி வா மிசு ஓ நோமிமாசு", நான் தண்ணிய குடிக்கிறேன், வரிசை அப்படியே நம்மளுது, அந்த ஓ நம்ம ஐ உருபு செய்ற வேலையத்தான் செய்யுது. இன்னும் சொல்லப்போனா அவன் குடிக்கிறான் அவங்க குடிக்கிறாங்க எல்லாத்துக்கும் அதே நோமிமாசுதான், நம்மள விட சுலபம். குறில் நெடிலும் நமக்கு பழக்கம், ஒபசான்னா அத்தை சித்தி வயசுக்காரங்க, ஒபாசான்னா பாட்டி. வா, கா-ங்கற ரெண்டு உருபுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் மட்டும் தமிழ்ல நேரா பொருந்தாது, அதுக்கு நிறைய வாக்கியம் படிச்சுதான் ஆகணும். ரோமன் எழுத்துல படிக்கறத இன்னிக்கே விட்ருங்க.

பதில் 3:
என்5 தாராளமா எழுதலாம். தேர்வு ஜூலை, டிசம்பர்னு ரெண்டு தடவை, சில இடத்துல ஒரு தடவைதான், பதிவு பல வாரம் முன்னாடியே முடிஞ்சிடும், அத முதல்ல பாருங்க. எல்லாமே விடைய தேர்ந்தெடுக்கற கேள்விதான், பேச்சுத் தேர்வே கிடையாது. அதனால பலரும் வாயே திறக்காம பாஸ் பண்ணிடறாங்க, நீங்க தினமும் சத்தமா படிங்க. கேட்கற பகுதில ஆடியோ ஒரு தடவைதான் ஓடும், அதுக்கு இப்பவே காத பழக்குங்க.